வண்டி தயாராகிக்கொண்டே இருக்கிறது

பழைய மோட்டார் சைக்கிளைப் பராமரிக்கிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. கடைக்கும் வேலைக்கும் போய்வருகிற வண்டியை வைத்திருப்பவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் சாதாரண மனிதர்கள். வண்டி நின்றால் திட்டுவார்கள், ஓடினால் மறந்துவிடுவார்கள். நான் சொல்வது, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டி, முன்னால் காற்றுத்தடுப்பு வைத்து, ஒரே மூச்சில் ஐந்நூறு கிலோமீட்டர் போனாலும் இடுப்பு கழன்றுவிடாதபடி அகலமான சீட் போட்டு, நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட, முப்பது வயது தாண்டிய பெரிய வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு, அதை வாரம் முழுவதும் கழற்றி மாட்டி, எங்கேயும் போகாமல் இருக்கிறவர்களை.

எங்கேயும் போகாமல் இருப்பதுதான் முக்கியம். போய்விட்டால் அவர் வேறு இனம்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சாப்பிட உட்காரும்போது நகத்தைப் பாருங்கள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் ஓரத்தில் கறுப்புக் கோடு இருக்கும். தெருவில் யாருடைய வண்டியாவது போனால் பேச்சை நிறுத்திவிட்டு, "செயின் தளர்ந்திருக்கு" என்பார்; கல்யாண வீடானாலும் சரி, ஆஸ்பத்திரி வாசலானாலும் சரி. "இந்த வண்டியில எங்கெல்லாம் போயிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு ஊர்ப் பெயரும் வராது. "போன வருஷம் கிளட்ச் பிளேட் மாத்தினேன்" என்று பதில் வரும். எப்போது கிளம்பப் போகிறீர்கள் என்று கேட்டால் முகம் மலரும். "எல்லாம் முடிஞ்சது. இன்னும் ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி." அந்தச் சின்ன வேலையின் ஆயுசு, நான் பார்த்த வரையில், நாலு வருடம்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த இனத்தார் கூடுவார்கள். ஏழு பேர். ஐந்து பேர் பஸ்ஸில் வருவார்கள், ஏனென்றால் வண்டி கழற்றிப் போட்டிருக்கும். எந்த எண்ணெய் நல்லது என்று இரண்டு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, கடைசி பஸ் போய்விடுமே என்று ஓடுவார்கள்.

இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்கிறீர்களா? எனக்கு அறுபத்தேழு வயது. பஸ்ஸில் வருகிற ஐந்து பேரில் நான் ஒருத்தி.

முப்பத்தொரு வருடம் படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். அதற்கென்று முறையாகப் பயிற்சி எடுத்தவள். அந்த வேலையில் கண்ணீருக்கு நேரமில்லை. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, காய்ச்சல் எத்தனை, எந்த மணிக்கு எந்தப் பக்கம் புரட்டிப் படுக்க வைத்தோம், எல்லாம் சார்ட்டில் ஏற வேண்டும். ஓய்வு பெற்ற மறுவாரம், கார் ஷெட்டில் பதினாலு வருடமாகப் போர்த்திக் கிடந்த எங்கள் வண்டியின் உறையை விலக்கினேன். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு காலத்தில் மாறி மாறி ஓட்டிய வண்டி. டயர் அமுங்கி, செயின் துருவேறி, அடியில் எண்ணெய் கசிந்து கிடந்தது. எனக்குப் பரிதாபம் வரவில்லை. கை பரபரத்தது. இவ்வளவு மோசமான கேஸ் கடைசியாக எப்போது கிடைத்தது என்று யோசித்தேன்.

அன்றே ஹேண்டில்பாரில் ஒரு சார்ட் கட்டித் தொங்கவிட்டேன். உள்ளே போனது: பெட்ரோல், எண்ணெய். வெளியே வந்தது: எண்ணெய். அதற்காக எஞ்சினுக்கு அடியில் ஓர் எனாமல் தட்டு வைத்து, தினமும் காலையில் மருந்து அளக்கும் குவளையில் ஊற்றி மில்லிக் கணக்கில் எழுதினேன். ஒரே நிலையில் நின்றால் நோயாளிக்குப் படுக்கைப்புண் வருவதுபோல டயருக்கும் வரும் என்று, நாலு நாளுக்கு ஒரு தடவை சக்கரத்தைக் கால் சுற்று நகர்த்தி வைத்தேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "பார்வையாளர் நேரம் என்ன சிஸ்டர்?" என்று கேட்டார். நாலிலிருந்து ஆறு என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இந்த இனத்தின் வியாதி ஒன்றைத் திறப்பதில் ஆரம்பிக்கிறது. ஹாரன் கொஞ்சம் கம்மலாகக் கத்துகிறதே என்று ஒயரைப் பார்க்க டேங்கைக் கழற்றுவேன்; டேங்கைக் கழற்றினால் அடியில் ஒரு ரப்பர் குழாய் வெடிப்பு விட்டிருப்பது தெரியும்; குழாயை மாற்றப் போனால் கார்புரேட்டர் கண்ணில் படும்; கண்ணில் பட்டதைச் சும்மா விடலாமா என்று அதைக் கழற்றினால் அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு மூடியில் எண்ணெய்க் கறை தெரியும்; மூன்று வாரம் கழித்து எல்லாவற்றையும் மாட்டி நிமிர்ந்தால் கையில் ஒரு போல்ட் மிஞ்சியிருக்கும். ஹாரன் அதே கம்மலில் கத்தும். மிஞ்சிய போல்ட்டுகள் இப்போது மூன்று பாட்டில் சேர்ந்திருக்கின்றன. அவற்றை வைத்து இன்னொரு வண்டியே செய்துவிடலாம். அதுவும் எங்கேயும் போகாது.

ஒரு தடவை தெருமுனை மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் வண்டியைக் கிளப்பினார், காது கொடுத்தார், அணைத்தார்.

"நல்லாத்தானேம்மா இருக்கு. எடுத்துட்டுக் கிளம்புங்க."

"லேசா ஒரு டக்டக் கேக்கலியா?"

"வண்டின்னா சத்தம் வரும்மா."

"இடது பக்கம்."

"எனக்கும்தான் இடது முட்டியில சத்தம் வருது. நான் வேலைக்கு வரலியா?"

நோயாளிக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் முகம் வாடிப்போகும் சொந்தக்காரர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். மனதுக்குள் சிரித்திருக்கிறேன். அன்று என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அடுத்த தடவை வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

யாருக்கும் கெடுதலில்லாத கிறுக்குதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் அழுத்தம் என்று தெரிந்தது. இரண்டு ஓரங்களிலிருந்தும் பார்வை உள்ளே சுருங்கிக்கொண்டே வரும். சொட்டுமருந்து வேகத்தைக் குறைக்கும், போனதைத் திருப்பித் தராது. கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பார்க்கணும்னு ஏதாவது இருந்தா தள்ளிப்போடாதீங்க ஐயா" என்றார்.

வெளியே வந்ததும் இவர் சொன்னார்: "மலை மேல அந்த ஏரிக்கு வண்டியில போனோமே, அதை இன்னொரு தடவை பார்த்துட்டாப் போதும். மத்ததெல்லாம் டிவியில பார்த்தாச்சு." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "பஸ்ஸிலயே போயிடலாமா?" என்றும் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் வண்டி இருக்கும்போது பஸ்ஸா? "அடுத்த மாசம் ரெடி" என்றேன்.

சொட்டுமருந்தை நான் ஒருவேளைகூட மறந்ததில்லை. காலை ஏழு, மாலை ஏழு, கடிகாரத்தை என்னைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அடுத்த மாதம் முன்பக்க ஆயில் சீல் கசிந்தது. மழை விட்டபிறகு கிளட்ச் கேபிள். அது அறுந்ததா? இல்லை. அறுந்துவிடும் போலிருந்தது. பிறகு அந்த ஹாரன். அதற்கு மட்டும் ஏழு மாதம். இடையிடையே கண் டாக்டர் பார்வையின் அளவை வட்டமாகப் படம் எடுத்துத் தருவார். வட்டத்தின் ஓரங்களில் கறுப்பு ஏறிக்கொண்டே வரும். அந்தப் படத்தைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, ஷெட்டுக்குப் போய்விடுவேன். கண்ணைக் கழற்றி மாட்ட முடியாது. வண்டியை முடியும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமைக்குத் தேதி குறித்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை வண்டியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. கார்புரேட்டரை ஒரே ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று திறந்தேன். சனிக்கிழமை காலையில் அது ஷெட் தரையில், செய்தித்தாள் மேல், இருபத்தாறு துண்டாகக் கிடந்தது.

ஜாக்கெட் போட்டுக்கொண்டு அவர் வந்து நின்றார். இருபத்தாறையும் பார்த்து முடிக்க அவர் தலையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் திருப்ப வேண்டியிருந்தது.

"எப்ப முடியும்?"

"ஒரு வாரம். இன்னும் ஒரே ஒரு சின்ன…"

"சரி" என்றார். கத்தவில்லை. ஹேண்டில்பாரைத் தடவிச் சார்ட்டைப் பிடித்தார். "பேனா குடு."

தாளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினார். நோயாளி இன்னும் குணமாகவில்லை என்று பராமரிப்பவர் எச்சரித்தும், உறவினர் தம் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறார். கையெழுத்து. தேதி. நேரம் ஆறு நாற்பது.

"இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"முப்பது வருஷமா சாப்பிடும்போது நீ வேற எதைப் பேசினே?"

அந்தத் தாளின் பலம் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதில் கையெழுத்து விழுந்துவிட்டால் எந்த வார்டிலும் யாரையும் பிடித்து வைக்க முடியாது. பெரிய டாக்டரே வந்தாலும் முடியாது. மருந்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, சக்கர நாற்காலியை வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் விட வேண்டியதுதான். முப்பத்தொரு வருடத்தில் நான் அந்த விதியை மீறியதில்லை. தரையில் உட்கார்ந்து மாட்ட ஆரம்பித்தேன்.

ஒரு வாரம் ஆகும் என்ற வேலைக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. ஒரு வாஷர் மிஞ்சியது. அது அவருடைய பார்வைக்கு எட்டாத ஓரத்தில் கிடந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை.

வண்டி முதல் தடவையிலேயே கிளம்பியது. எனக்கு அவமானமாக இருந்தது.

நான் ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்தார். நூற்றெழுபது கிலோமீட்டரும் இடது பக்க டக்டக்கையே கேட்டுக்கொண்டு போனேன். மலை எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எந்த கியரில் ஆரம்பித்தது என்று சொல்வேன். அவருக்கு மிச்சமிருப்பது நேர்ப்பார்வை. நேரே இருந்தது என் ஹெல்மெட். "அருமையான காட்சி" என்று இரண்டு தடவை சொன்னார்.

மத்தியானம் ஏரி வந்தது. ஸ்டாண்டு போட்டதும் நான் குனிந்து எஞ்சினுக்கு அடியில் பார்த்தேன்.

"சொட்டலே" என்றேன்.

"எது?"

"ஆயில்."

"ஏரியும் வத்தலே. எந்திரி. தண்ணி இந்தப் பக்கம் இருக்கு."

எழுந்து பார்த்தேன். அவர் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதென்றால், இடது கரையில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தைத் திருப்பி, நீளமான வரியை வாசிப்பதுபோல வலது கரை வரை போய், மறுபடியும் இடது கரைக்கு வந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் இரண்டு கரையையும் ஒரே பார்வையில் பார்த்திருப்பார். இடது கரையை நான் ஆயில் சீலுக்குக் கொடுத்தேன். வலது கரையை ஹாரனுக்குக் கொடுத்தேன். அது இன்னும் கம்மலாகத்தான் கத்துகிறது.

"படகு ஏதாவது போகுதா?" என்று கேட்டார்.

"வலது பக்கம் ஒண்ணு. நீலம்."

தலையைத் திருப்பித் தேடிப் பிடித்தார். "ஆமா. உனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. பார்த்துப் பழக்கம்தான் இல்லே."

உங்களிடம் மோட்டார் சைக்கிள் இல்லை. அதனால்தான் இவ்வளவு நேரம் நிம்மதியாகச் சிரித்தீர்கள். வண்டி இருந்தால்தான் இந்த இனத்தில் சேர்த்துக்கொள்வோம் என்று சட்டம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வெள்ளையடித்த பிறகு அக்காவைக் கூப்பிடலாம் என்று இருப்பவர், கொஞ்சம் இளைத்த பிறகு எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பவர், இதைப் படித்து முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருப்பவர், எல்லாரும் எனக்குத் தூரத்துச் சொந்தம்தான். சந்தேகமிருந்தால் சோதித்துக்கொள்ள டாக்டர் வேண்டாம். எழுந்து முன்னறைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே யாராவது செருப்பை மாட்டிக்கொண்டு உங்களுக்காக உட்கார்ந்திருக்கிறார்களா?