சனிக்கிழமை வந்த சனி

"சனிதான் சார் பிரமாதம்!"

சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. மற்றவர்களைப் போல ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு ஈஸ்வரன் சும்மா இருந்திருக்கலாம். மானேஜர் ராயப்பராஜ் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் அனுப்பியிருந்தது, சூரியக் குடும்பத்தைப் பற்றிய மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ரா. நூறு பேர் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வயலினும் ஊதுகுழலுமாக வாசிக்கிறார்கள். கிரகத்துக்கு ஒரு இசை, மொத்தம் எட்டு. ஈஸ்வரன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் மானேஜரை நேரில் கண்டதும் வாய் சும்மா இருந்தால்தானே!

காரணம் இருந்தது. உரக் கம்பெனியின் குஜிலியம்பாறை குடோனில் மனிதர் மூன்று வருஷமாகக் கிடக்கிறார். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், நடுவில் எட்டு மணி நேரம் உர மூட்டை வாசம். இப்போது திண்டுக்கல் ஆபீஸில் ஹெட்கிளார்க் நாற்காலி காலி. வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தால் பத்தே நிமிஷம். அந்த நாற்காலிக்கு அவருக்கும் அதே குடோனில் வேலை பார்க்கும் பிரபுவுக்கும்தான் போட்டி. பிரபு குரூப்பில் ஏற்கெனவே மூன்று கட்டைவிரல் போட்டுவிட்டான்.

"சனியா?" மானேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "அட! எல்லாரும் குருவைத்தான்யா சொல்லுவாங்க. சனியை ரசிக்கணும்னா அதுக்குத் தனிக் காது வேணும்."

"இருக்கு சார்."

"இருவது வருசமா கேக்குறேன். சர்ச் கொயர்ல வயலின் வாசிச்ச ஆளு நான். அதுல ஒரு சுரம் பிசகுனாலும் கண்டுபிடிச்சிருவேன். சனி சாயங்காலம் உங்க வீட்டுக்கு வாரேன், சேந்து உக்காந்து கேப்போம். அந்த ஹெட்கிளார்க் விஷயத்தையும் அப்பவே பேசிருவோம்."

நாற்காலிக்குத் தலையாட்டிய ஈஸ்வரன், சனியை நினைத்து முழித்தார்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிக்கொண்டே மனைவியிடம் சொன்னார். "மகேசு, சனி நம்ம வீட்டுக்கு வருது."

மகேஸ்வரியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"என்னங்க சொல்லுறீங்க? ஏற்கெனவே உங்களுக்கு ஏழரை நடக்குது. ரெண்டு வருசம் போயி இன்னும் அஞ்சரை கெடக்கு. இதுல புதுசா வேற வருதா?"

"அது இல்லடி. சனிக்கிழமை மானேஜர் வாராரு. சனிப் பாட்டு கேக்க."

விளக்கியிருக்கவும் வேண்டியதில்லை. விளக்க விளக்கச் சிக்கல்தான் கூடியது.

"சரி, கிரகப் பாட்டுன்னா ராகு கேது எங்க?"

"வெள்ளைக்காரன் சேக்கல."

"சூரியன், சந்திரன்?"

"அதையும் சேக்கல."

"அப்ப எட்டு எப்பிடி வரும்?"

"பூமி இருக்கு. பெறகு யுரேனஸ், நெப்டியூன்னு ரெண்டு பேரு."

"யாரு அவுங்க?"

"கடைசியாக் குடிவந்தவுங்க."

"நல்லாருக்கே! ராகு கேதுவைக் காலி பண்ணச் சொல்லிட்டு இவுங்களைக் குடிவச்சிருக்கானாக்கும்? வெளங்குமா அந்த ஊரு?" மகேஸ்வரி கரண்டியைக் கையில் எடுத்தாள். "இந்தா பாருங்க. குருவை நாலு தடவைகூடப் போடுங்க, கீர்த்தனா படிப்புக்கு நல்லது. ஆனா சனி இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது."

அந்த நேரம் பார்த்துக் கொல்லைக் கதவு வழியாகப் பக்கத்து வீட்டு மாயம்மாள் தலையை நீட்டினாள். "ஏ மகேசு, சனிக்கெழம வழக்கம்போல வாரேன். கதவைச் சாத்திப்புடாத."

"சனியைப் பத்தி இனி யாரும் பேசாதீங்கக்கா!" என்றாள் மகேஸ்வரி. மாயம்மாள் ஒன்றும் புரியாமல் தலையை இழுத்துக்கொண்டாள்.

சரி, முதலில் அந்தச் சனியைக் கேட்டாவது வைப்போம் என்று மறுநாள் பஸ்ஸில் ஈஸ்வரன் காதில் இயர்போனைச் செருகினார். புதன் போனது. வெள்ளி வந்தது. வெள்ளி என்ன வெள்ளி, தாலாட்டு! கண்ணைத் திறந்தபோது குஜிலியம்பாறையைத் தாண்டிப் பாளையத்தில் நின்றிருந்தது பஸ். "எறங்குங்கண்ணே, வண்டி இதுக்கு மேலயும் போகும்" என்றார் கண்டக்டர். சனி வரைக்கும் போய்ச் சேரவே இல்லை. குடோனை அன்று பதினொரு மணிக்குத் திறந்தார், அதைப் பிரபு மானேஜருக்குப் போட்டும் கொடுத்தான்.

"செல்லுல போட்டா கொசு கத்துற மாதிரிதான்ப்பா இருக்கும்" என்றாள் மகள் கீர்த்தனா. "நல்ல ஸ்பீக்கர் வேணும்."

சவுண்ட் சர்வீஸ் ஜமால் முகமதுவிடம் போனார்.

"ஒரு ஆர்கெஸ்ட்ரா கேக்கணும் பாய்."

"கேக்கணுமா, வைக்கணுமா? அய்யலூர்ல ஒரு பார்ட்டி இருக்கு. ரெண்டு பாடகி, ஒரு மிமிக்ரி."

"இது நூறு பேரு வாசிக்கிறது."

"நூறு பேரா! எந்த மேடை தாங்கும்? என்ன விசேசம், கல்யாணமா, காதுகுத்தா?"

"சனி."

ஜமால் முகமது அவரை மேலும் கீழும் பரிதாபமாகப் பார்த்தார். பரிதாபத்தில் கடையிலேயே பெரிய பெட்டியை அனுப்பி வைத்துவிட்டார்.

பெட்டி ஆளுயரம். கூடத்து பிளக்கில் செருகியதும் டப்பென்று ஃபியூஸ் போனது. பெரிய பிளக் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அடுப்படியில். வயர் எட்டவில்லை. நகர்த்தி நகர்த்திக் கடைசியில் பெட்டி அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. இனி அடுப்படிக்குப் போவதென்றால் கொல்லையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

மகேஸ்வரி பெட்டியைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். "நான் இருக்க மாட்டேன் சாமி. கீர்த்தனாவைக் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போறேன். எள்ளு தீபம் போட்டு ஒம்போது சுத்து சுத்திட்டு, உங்க சனி எறங்குன பெறகுதான் வருவேன்."

"மானேஜருக்குக் காப்பி?"

"பிளாஸ்க்குல இருக்கு. அவரு வந்தா அவருக்குக் குடுங்க. சனி வந்தா அதுக்கும் குடுங்க."

கீர்த்தனா பெட்டியில் பென்டிரைவைச் செருகிவிட்டு ரகசியமாகச் சொன்னாள்: "அப்பா, ஒண்ணு முடிஞ்சா செத்த நேரம் அமைதியா இருக்கும், பெறகு அடுத்தது வரும். வெரலை விட்டு எண்ணிக்கங்க. ஆறாவதுதான் சனி. தூங்கிராதீங்க."

மானேஜர் ஐந்து மணிக்கு வந்தார். காப்பியைக் குடித்தார். பெட்டியைப் பார்த்து, "ரசிகன்யா நீங்க!" என்றார். கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

புதன் ஓடியது, ஈஸ்வரன் கட்டைவிரலை மடக்கினார். வெள்ளிக்குத் தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்திருந்தார். பூமி போனது. செவ்வாய்க்கு ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்து எதிர்வீட்டு நாய் குரைத்தது, மானேஜர் அந்த நாய்க்கும் சேர்த்துத் தலையாட்டினார். ஐந்தாவதாகக் குரு. நூறு பேரும் சேர்ந்து கும்மென்று மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, இசை பட்டென்று நின்றது.

ஈஸ்வரன் பதறிப்போய் மானேஜரைப் பார்த்தார்.

"அங்கதான் நிக்கும்" என்றார் மானேஜர், கண்ணைத் திறக்காமலே. "உச்சத்துல வெட்டிட்டான் பாத்தீங்களா? அதான் அழகு."

அப்பாடா! ஈஸ்வரன் சுண்டுவிரலையும் மடக்கி, அடுத்த கையைத் தயாராக வைத்துக்கொண்டார். அமைதி. பிறகு பெட்டிப் பக்கமிருந்து மெதுவாகக் கிளம்பியது ஆறாவது. கடகட... கடகட...

"சனி" என்றார் ஈஸ்வரன் பயபக்தியோடு.

"உஷ்!"

வயலின் இல்லை, ஊதுகுழல் இல்லை. ஒரே தாளம், ஒரே கனம். கடகட... கடகட... இம்புட்டு அருமையான ஒன்றைக் கேட்காமலே பொய் சொல்லிவிட்டோமே என்று ஈஸ்வரனுக்கு மெய்யாகவே வெட்கமாக இருந்தது. மகேசு கோயிலுக்குப் போனது தப்பு, இருந்து கேட்டிருந்தால் அவளே கும்பிட்டிருப்பாள் என்று நினைத்தார். கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

"ஒரு பெரிய கல்லு, நிக்காம உருண்டுக்கிட்டே வர்ற மாதிரி இல்ல?" என்றார் மானேஜர் தழுதழுத்து. "அதான் காலம். ஏழையாவது, பணக்காரனாவது! எல்லாத்தையும் போட்டு அரைச்சிரும்."

"அரைச்சிரும் சார்."

"நடுவுல ஒரு சலசலப்பு வந்துச்சே, கவனிச்சீங்களா?"

"வந்துச்சு சார்."

"அதான் சனியோட வளையம்."

முழுசாகக் கால்மணி நேரம் ஓடி, மெல்லத் தேய்ந்து ஓய்ந்தது. மானேஜர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். இருபது வருஷத்தில் சனியை இவ்வளவு துல்லியமாகக் கேட்டதில்லை என்றார். எழுந்து ஈஸ்வரனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பிரபுகிட்ட நேத்து இதே சனியைப் பத்திக் கேட்டேன். சோகமா இருக்கு சார்ங்கிறான், காது கெட்ட பய! திங்கக்கெழம வந்து ஹெட்கிளார்க் சீட்டுல உக்காருங்க ஈஸ்வரன்."

ஈஸ்வரனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மூன்று வருஷம்! இனி பஸ் இல்லை, பாளையம் இல்லை, மூட்டை வாசம் இல்லை.

அப்போது பெட்டிக்குப் பின்னாலிருந்து, அடுப்படிக்குள் இருந்து, மாயம்மாளின் குரல் கேட்டது.

"ஈஸ்வரந்தம்பி, உளுந்து ஆட்டி முடிச்சிட்டேன், கிரைண்டரையும் நிறுத்தியாச்சு. கழட்டிப் போட்ட ஒங்க பாட்டுப்பெட்டி பிளக்கை இப்ப மாட்டிவிட்டுரவா?"