ஓம் மிஸ்ஸின் இடது கை

திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரே தீர்மானத்தை ஆதரித்தும் எதிர்த்தும் வாக்களித்து, இரண்டிலும் எண்ணப்பட்டவர் ஓம் மிஸ் ஒருவர்தான். எங்கள் அலுவலக நலன்புரிச் சங்கத்தின் செயலாளராக எட்டு வருஷம் கைகளை எண்ணியவன் நான். இந்த விஷயத்தில் என்னை நம்பலாம்.

புதிதாகச் சேர்ந்த ரெலிபோன் ஒப்பரேட்டர் ஓம் மிஸ்ஸோடு சங்கத்தில் அங்கத்தவர் முப்பத்தொரு பேர். அந்த வருஷச் சுற்றுலா நிலாவெளிக்கா, கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கா என்று கேட்டு எண்ணினேன். நிலாவெளிக்குப் பதினாறு, கன்னியாவுக்குப் பதினாறு. கூட்டினால் முப்பத்திரண்டு. திரும்ப எண்ணினேன், அதே முப்பத்திரண்டு. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் யாரோ தேத்தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கூடினால் என்ன செய்வது? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ரெலிபோன் அறைக்கு மேலே ஏறும்போதுதான் விஷயம் வெளித்தது. பதினெட்டுப் படி ஏறி நிமிர்ந்தால், சுவிச்போட்டுக்கு முன்னால் ஓம் மிஸ். வலது கை வயர்களை மாற்றி மாற்றிச் செருகுகிறது. இடது கை, கூட்டத்தில் நின்றது போலவே, ஆகாயத்தில் நிற்கிறது.

"மிஸ், முந்தநாள் கூட்டத்தில நீங்கள் எந்தப் பக்கம்?"

"நான் ஒரு பக்கமும் இல்லை. எனக்கு வீட்டில அலுவல் இருக்கு, சுற்றுலாவுக்கு வரேலாது. அதால கை தூக்கேல்லை."

"கை மேல நிண்டதே?"

"அது பெரியவர். அவர் எப்பவும் மேலதான் இருப்பார். அவரை ஏன் எண்ணினீங்கள்?"

பெரியவர் என்றது அவருடைய இடது கையை. அலுவலகத்துக்கு வருவதற்குச் சில வருஷம் முன்பு அவருக்கு நெஞ்சில் ஒரு கட்டி வந்து, கொழும்பில் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் வாய் திறந்து சொல்லாத சங்கதி. ஓம் மிஸ் ரெலிபோனில் இலக்கம் கேட்கிற அதே குரலில் சொன்னார்.

"கட்டியோட கக்கத்தில இருந்த சுரப்பியளையும் வழிச்சு எடுத்துப் போட்டினம். கையில ஊறுற நீர் அதுக்குள்ளாலதான் வடியுமாம். வாய்க்காலை மூடினா வயலில தண்ணி நிக்கும்தானே, அப்பிடி நிக்குது. இனி வாய்க்கால் வெட்டேலாது. மேட்டில வைச்சா வடியும். அவ்வளவுதான் கதை."

மேட்டில் வைப்பதற்கு அவர் செய்த ஏற்பாட்டை வேறு எந்த ஊரிலும் நான் கண்டதில்லை. வேலைத்தளத்துத் தச்சரிடம் உடைந்த வள்ளம் ஒன்றின் துடுப்பைக் கேட்டு வாங்கி, தன் கதிரையின் பக்கத்தில் நிமிர்த்தி ஆணி அறைவித்தார். துடுப்பின் தலையில் பாய்த்துணியால் ஒரு தொட்டில். அதற்குள் பெரியவர் சாய்ந்திருப்பார். கூட்டம் என்றால் முதலில் அந்தக் கதிரை வரும், பின்னால் ஓம் மிஸ் வருவார்.

பட்டப்பெயர் எப்படி வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும். கை எல்லாவற்றுக்கும் சம்மதமாக ஓம் என்றது. வாய்தான் எல்லாவற்றுக்கும் ஏலாது என்றது. அலுவலகத்துக்கு வாந்திபேதி ஊசி போட வந்த தாதி, கண் முன்னால் தயாராக நீட்டி நின்ற கையைப் பிடித்தார்.

"ஏலாது," என்றார் ஓம் மிஸ்.

"எல்லாரும் போடவேணும் மிஸ். பயப்பிடாதேங்கோ."

"பயம் இல்லை. பெரியவருக்கு ஊசி ஏலாது, பிரஷர் பாக்கிறது ஏலாது, காப்பு ஏலாது, வாளி தூக்கேலாது. இந்தாங்கோ இந்தப் பக்கம், ரெண்டு ஊசி எண்டாலும் போடுங்கோ."

அரை மணிக்கு ஒரு தரம் தொட்டிலில் இருந்தபடியே அந்தக் கையை மூடி மூடித் திறப்பார். இருபது தரம். பத்தொன்பதோடு ஒரு நாளும் நிறுத்தியதில்லை, நான் எண்ணியிருக்கிறேன். கீழே முற்றத்தில் போகிறவர்கள் யன்னலில் அதைக் கண்டு, தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று மூச்சிரைக்க மேலே ஏறி வருவார்கள். ஒரு மாதத்தில் அப்படிப் பதினான்கு பேர். அதில் ஒருவர் கப்பல் கப்டன்.

நிலாவெளியில் இருந்து பஸ்ஸில் வருவார். வீதியோரத்து வேலிக் கம்பத்தில் கையை ஏற்றி வைத்துக்கொண்டு நிற்பதால், அவர் முன்னால் நிற்காமல் போன வாகனம் இல்லை. எதிர்ப்பக்கம் குச்சவெளிக்குப் போகிற பஸ்ஸும் நின்றது, செங்கல் லொறியும் நின்றது. ஒரு தரம் மரணவீட்டுக் காரும் நின்றது. "இடம் இருக்கு, ஏறுங்கோ அக்கா," என்றானாம் சாரதி. "இப்ப ஏலாது தம்பி, வேலை கிடக்கு," என்றாராம் இவர்.

மீன் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சனிக்கிழமை விடியக் கடற்கரையால் நடந்து வந்தவர், கரையில் ஏற்றியிருந்த வள்ளத்தின் மூக்கில் கையைச் சாய்த்து இளைப்பாறினார். பக்கத்தில் கரைவலைக்காரர் மீனை ஏலம் கூறி விற்றுக்கொண்டிருந்தார்கள். உயர்ந்து நின்றது ஒரே கை. ஒரு குவியல் சூடை மீன் ஓம் மிஸ்ஸின் தலையில் விழுந்தது.

"நான் கேக்கேல்லையே," என்றார்.

"கை கேட்டுதே மிஸ்."

"அப்ப சரி. பெரியவர் கேட்டா மறுக்கேலாது."

இரண்டு ஓலைப் பெட்டியில் மீன் அலுவலகத்துக்கு வந்தது. பங்கு பிரிக்கும் பொறுப்பு என்னுடையது. இருநூற்றுப் பன்னிரண்டு மீன், முப்பத்தொரு பேர், ஆளுக்கு ஆறு, மிச்சம் இருபத்தாறு. அந்த இருபத்தாறை என்ன செய்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் களஞ்சியத்துப் பூனைகள் யோசித்து முடித்துவிட்டன.

காலையில் எல்லாருக்கும் நாற்பது நிமிஷம் முந்தி வருவார். கையைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துடைத்து, எண்ணெய் பூசி, தோள் பக்கமாக மெல்ல மெல்லத் தடவுவார். பிறகு மூன்று சுருள் துணி. "விரலில இறுக்கம், மேல போகப் போகத் தளர்வு," என்பார். "மாறிக் கட்டினா தண்ணி விரலுக்கு இறங்கிடும்." கட்டுவதற்கு முன்னால் தையல் நாடாவால் மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே, முழங்கைக்கு மேலே என்று மூன்று இடம் அளந்து கலண்டரில் எழுதுவார். முப்பத்தொரு பேர் வேலை செய்த அலுவலகத்தில், என்னைத் தவிர, ஒவ்வொரு நாளும் ஒன்றை அளந்து எழுதியவர் அவர்தான். அதைக் கண்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குப் பதிலாக அவருடைய நாடாவை என்னுடைய இரும்பு நாடாவோடு ஒப்பிட்டுப் பார்த்து, கால் அங்குலம் பிழை என்றேன்.

"நேற்றும் கால் அங்குலம் பிழைதானே?" என்றார்.

"ஓம்."

"நாளைக்கும்?"

"ஓம்."

"அப்ப எனக்கு அதுவே காணும், போதும். ஏறுதோ இறங்குதோ எண்டுதான் நான் பாக்கிறது."

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். இனிமேல் வலது கையால் போட்டால்தான் வாக்கு, இடது கை எண்ணப்படாது. ஓம் மிஸ் தன் வலது கையைத் தூக்கி ஆதரித்தார். எல்லாரும் ஆதரித்தார்கள். ஏகமனதாக, ஒரு கை மிச்சமாக, அது நிறைவேறியது.

அப்படி இருக்கும்போதுதான் கொழும்பில் இருந்து புது அத்தியட்சகர் வந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். எங்கள் கட்டடத்தில் நல்ல காற்று வருகிற அறை ரெலிபோன் அறை. மூன்று யன்னல், மூன்றும் உள்துறைமுகத்தைப் பார்த்தவை. அதைத் தன் கூட்ட அறையாக்கப் போவதாகவும், சுவிச்போட்டைக் கீழே களஞ்சியத்துக்குப் பக்கத்து அறைக்கு இறக்கப் போவதாகவும் சொன்னார்.

அந்தக் கீழறையை நாங்கள் அறிவோம். பின்னால் கழிவு வாய்க்கால். பட்டப்பகலிலும் நுளம்பு. முன்பு பதினான்கு மாதம் சுவிச்போட் அங்கேதான் இருந்தது. பெரியவரை ஒரு நுளம்பு கடித்து, அதைச் சொறிந்து தோல் உடைந்தால் போதும், மறுநாள் கை நெருப்பாகச் சிவக்கும், குலைப்பன் காய்ச்சல் நடுக்கி எடுக்கும், ஆஸ்பத்திரிக் கட்டில். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கை முன்னைவிடக் கொஞ்சம் பருத்து நின்றது, கலண்டரில் இருக்கிறது. இன்னொரு தரம் அந்த அறைக்குப் போனால் அவர் வேலையை விட வேண்டியிருக்கும், அல்லது கை அவரை விடும்.

நான் மேசை மேசையாகப் போனேன். "நாங்கள் எல்லாரும் கை தூக்கிறம்," என்றார்கள். இருபத்திரண்டு பேரின் வாக்குறுதியைக் கொப்பியில் எழுதினேன். ஓம் மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் வயரைச் செருகிக்கொண்டே, "பாப்பம்," என்றார்.

திங்கட்கிழமை மண்டபத்தில் எல்லாரும் கூடினோம். துடுப்புக் கதிரை வந்தது, ஓம் மிஸ் வந்தார், பெரியவர் தொட்டிலில் ஏறினார். அத்தியட்சகர் தன் திட்டத்தை ஏழு நிமிஷம் விளக்கினார். "ஆருக்கும் ஆட்சேபனை இருந்தா கையைத் தூக்குங்கோ," என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

இருபத்திரண்டு பேரும் தங்கள் தங்கள் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார்கள். உயர்ந்து நின்றது ஒரே ஒரு கை, கூட்டம் தொடங்க முந்தியே உயர்ந்து நின்ற கை. என் கை என் மடியில் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய வருஷம் அது.

"செயலாளர், எத்தினை எண்டு எண்ணிச் சொல்லுங்கோ," என்றார் அத்தியட்சகர்.

எழுந்து நின்றேன். நானே எழுதிய விதிப்படி இடது கை எண்ணப்படாது. விடை சைபர். ஓம் மிஸ் என்னைப் பார்த்தார். வலது கை மடியில் கிடந்தது, அதை அவர் தூக்கவில்லை. சைபர் என்பதற்கு வாயைத் திறந்தேன்.

"ரெண்டு, சேர்," என்றது வாய்.

"ரெண்டோ? எனக்கு ஒண்டுதானே தெரியுது."

வாயைக் காப்பாற்றுவதற்காகக் கை மேலே போனது. வலது கை. மண்டபத்தில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. தச்சர் தூக்கினார். பிறகு களஞ்சியக்காரர். பிறகு மெல்ல மெல்ல, காது சொறிகிற பாவனையில் சிலர். எல்லாமாக ஒன்பது வலது கை. மிச்சப்பேர் கடைசி வரை சப்பாத்தையே பார்த்தார்கள். அவர்களுடைய பெயர் கொப்பியில் இருக்கிறது.

"ஒன்பது, சேர்."

"பெரியவரோட பத்து," என்றார் ஓம் மிஸ்.

"பெரியவர் ஆர்?" என்று அத்தியட்சகர் வாசலைப் பார்த்தார்.

சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் எடுத்தது. ஓம் மிஸ் எழுந்து, கையை இறக்கி, சுருள் துணியை முழங்கை வரை அவிழ்த்துக் காட்டினார். வாய்க்கால், வயல், மேடு எல்லாம் சொன்னார். "கீழறையில நுளம்பு, சேர். ஒரு கடி எனக்குப் பத்து நாள் காய்ச்சல். மிச்சக் கணக்கு செயலாளரிட்ட இருக்கும்."

இருந்தது. கீழறையில் பதினான்கு மாதம்: நான்கு காய்ச்சல், நாற்பத்தேழு நாள் லீவு. மேலறையில் ஆறு வருஷம்: ஒரு காய்ச்சல், ஒன்பது நாள் லீவு, அதுவும் பூனை பிறாண்டியதால். கொப்பியைப் பார்க்காமலே சொன்னேன்.

"இதெல்லாம் எண்ணச் சொல்லி ஆர் உமக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, சேர்."

அடுத்த நாள் அத்தியட்சகர் பதினெட்டுப் படியும் ஏறி வந்தார். கலண்டரைப் பார்த்தார், மூன்று யன்னலையும் பார்த்தார், காற்றில் கொஞ்ச நேரம் நின்றார். சுவிச்போட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார். தன் கூட்டங்களைக் கீழறையில் வைத்தார். முன்பு தொண்ணூறு நிமிஷத்துக்குக் குறையாமல் நடந்த கூட்டங்கள் நுளம்பின் தயவால் இருபத்திரண்டு நிமிஷத்தில் முடிந்தன. துறைமுகத்தின் வேலை அந்த வருஷம்தான் ஒழுங்காக நடந்தது என்று இப்போதும் சொல்வேன்.

அன்று பின்னேரம் ஓம் மிஸ்ஸிடம் கேட்டேன்.

"நீங்கள் வலது கையைத் தூக்கியிருக்கலாமே? நான் சைபர் எண்டு சொல்லியிருந்தா?"

"நான் தூக்கியிருந்தா நீங்கள் ஒண்டு எண்டு சொல்லிப்போட்டுப் பேசாம இருந்திருப்பீங்கள்."

கொப்பியைத் திறந்து, திரும்ப மூடினேன்.

"அவர் எண்ணச் சொன்ன நேரம் தொட்டு உங்கட கை மேல வர எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமோ?" என்றார்.

"பத்து செக்கன் இருக்கும்."

"பதினொண்டு. நானும் எண்ணினனான்."

அந்தக் கதிரையில் இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்து, ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்று, துடுப்பையும் கழற்றிக்கொண்டு நிலாவெளிக்குப் போனார். பெரியவர் கடைசி வரை ஏறாமலும் இறங்காமலும், அதே கால் அங்குலப் பிழையோடு, சொன்ன அளவில் நின்றார். ஓம் மிஸ் காலமாகி இந்தத் தையோடு பதினாறு வருஷம்.

நான் இப்போது ஓய்வூதியக்காரர் சங்கத்தின் செயலாளர். எண்ணுகிறவன் என்ற பெயர் என்னை விடவில்லை. போன வாரமும் ஒரு தீர்மானத்துக்குக் கைகளை எண்ணினேன். மூன்று தரம் எண்ணினேன். ஆட்களும் கைகளும் சரியாகவே இருந்தன. ஆனாலும் எனக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கை குறைகிறது.