யார் வாயிலோ போன கேக்

கணினியை நன்கு அறிந்தவர்களால் உலகுக்குத் தீங்கில்லை; ஒன்றுமே அறியாதவர்களாலும் தீங்கில்லை. அறிந்தவர் என்று ஊரார் நம்பிவிட்டவர்களால்தான் எல்லாக் கேடும். 2007ஆம் ஆண்டில் புதுக்கடை வட்டாரத்தில் அந்தப் பதவியை வகித்தவள் நான்.

தமிழில் முதுகலைப் பட்டமும் நாகர்கோவிலில் ஒரு கோடை விடுமுறையில் பெற்ற கணினிப் பட்டயமும் என் தகுதிகள். (பட்டயம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். பாதி நாள் கரண்டு இல்லை. மீதி நாள் சார் இல்லை.) என் கணவர் தேவதாஸ் ஒளிப்படக் கடை வைத்திருந்தார். பிலிம் சுருளைக் கைவிட்டு டிஜிட்டல் காமராவுக்கு அவர் மாறியிருந்த புதிது. ஆகவே, பகலில் பள்ளியில் தமிழாசிரியை, மாலையில் கடையின் பொறியாளர் என எனக்கு இரண்டு வாழ்க்கைகள் அமைந்தன. காமரா முரண்டு பிடித்தாலும் அச்சுப்பொறி தாளைக் கடித்துக்கொண்டாலும் என்னைத்தான் அழைப்பார்கள். நான் சென்று, நெற்றியைச் சுருக்கி, கருவியை அணைத்து, மீண்டும் இயக்குவேன். பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த ஒற்றை மருத்துவத்தின் பயனாகப் பக்கத்து ஊர்களின் ஒளிப்படக்காரர்களும் நோயுற்ற காமராக்களை ஏந்திக்கொண்டு என்னிடம் வரத் தொடங்கியிருந்தனர்.

அந்தப் புகழின் உச்சியில் நான் அமர்ந்திருந்தபோதுதான் சேவியருக்குத் திருமணம் நடந்தது.

சேவியர் தேங்காய்ப்பட்டணத்தை அடுத்த கடற்கரை ஊர்க்காரர்; குவைத்தில் வேலை. மணமகள் ஷீபா. தந்தையின் இடத்தில் நின்று சேவியரை வளர்த்த அண்ணன் அந்தோணியும் அதே நிறுவனத்தில்தான் இருந்தார். இருவருக்கும் ஒருசேர விடுப்புத் தர முதலாளி மறுத்துவிட்டார். "நீ போயிக் கெட்டிட்டு வா மக்கா, நான் படத்துல பாத்துக்கிடுதேன்" என்று தம்பியை விமானம் ஏற்றிவிட்டு அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். தம்பியின் திருமணத்தை அவர் காண்பதற்கு இருந்த ஒரே வழி, என் கணவர் எடுத்த படங்கள். சேவியர் குவைத் திரும்பும்போது அவை ஒரு குறுந்தட்டில் அவருடைய பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

அவர் புறப்படுவதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை. காலையிலேயே கடையிலிருந்து அழைப்பு வந்தது.

"டீச்சரே, கொஞ்சம் வா. கம்ப்யூட்டர்ல கார்டு தொறக்கல்ல." (மனைவியை 'டீச்சரே' என்று அழைப்பது அவர் மரியாதையா, நையாண்டியா என்பதை நான் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.)

சென்றேன். சேவியரின் படங்கள் இருந்த நினைவட்டையைப் படிக்கும் சிறு கருவி கணினியின் பின்புறத் துளையில் செருகப்பட்டிருந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு: இந்த வட்டு 'ஃபார்மட்' செய்து முறைப்படுத்தப்படவில்லை, இப்போது முறைப்படுத்தட்டுமா?

"நான் சாயா வாங்கிட்டு வாறேன். நீ பைய பாரு" என்று சொல்லிவிட்டுக் கணவர் வெளியே போனார்.

இவ்வளவு பணிவாக ஒரு கருவி வினவும்போது 'ஆம்' என்று விடையளிப்பதே பண்பாடு என்பது என் அந்நாளைய கொள்கை. ஆம் என்றேன். கணினி சற்று முனகிவிட்டு, தன்னால் இயலவில்லை என்று ஒப்புக்கொண்டது. அறிவுள்ள எவரும் அந்த இடத்தில் நின்றிருப்பார்கள். நானோ, கணினியால் ஆகாததைக் காமராவைக் கொண்டு முடிக்கத் துணிந்தேன். அட்டையைக் காமராவுக்குள் இட்டு, அதே கட்டளையை அதன் பட்டியலில் தேடிக் கண்டுபிடித்தேன். உறுதிதானா என்று காமரா கேட்டது. எனக்கா உறுதியில்லை? அழுத்தினேன். இமைப்பொழுதில் முடிந்தது.

கணவர் சாயாவோடு திரும்பினார். "செரியாச்சா?"

"ஆச்சு. நல்லா சுத்தம் பண்ணிட்டேன்."

"சுத்தமா? படம் எங்க?"

"அது... இனிமே வரும்."

அவர் காமராவை வாங்கிப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார். "ஏட்டி, இதுல எல்லாப் படமும் தெரிஞ்சுதே! காலையில நான் கண்ணால பாத்தேனே!"

அவர் அட்டையை மீண்டும் அந்தச் சிறு கருவியில் இட்டு, இம்முறை கணினியின் முன்புறத் துளையில் செருகினார். உடனே திறந்தது. பின்புறத் துளை கடற்காற்றில் துருவேறிப் பச்சை பூத்திருந்ததே தவிர, அட்டைக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. இப்போது அட்டை அழகாகத் திறந்தது, உள்ளேதான் ஒன்றுமில்லை.

"அந்தோணி அண்ணன் எனக்கு ரெண்டு தடவ போன் பண்ணிச் சொன்னாரு, கேக்கு வெட்டுறத மட்டும் நல்லா எடுக்கணும்னு. நான் அவருட்ட என்னத்தச் சொல்லுவேன்?" என்றார் கணவர். சாயா ஆறிக்கொண்டிருந்தது.

அழிந்த படங்களை மீட்கும் மென்பொருள் ஒன்றை மார்த்தாண்டத்து இணைய நிலையத்தில் பெற்று வந்தேன். அது வேலை செய்தது. அளவுக்கு மீறி வேலை செய்தது. இறுதி நாளில் கல்லறைகள் திறக்கும் என்பார்களே, அதுபோல, அந்த அட்டையில் என்றோ இருந்து என்றோ அழிக்கப்பட்ட படங்களும் எழுந்து வந்தன. சேவியரின் படங்களில் எல்லாம் தேறவில்லை; தேறியவற்றோடு அவ்வாண்டின் பல திருமணங்கள் வரிசை குலைந்து, பெயர் இழந்து, கலந்து கிடந்தன. படம் எடுத்த நாளைப் பார்க்கலாமென்றால், என் கணவரின் காமராவில் என்றும் சனவரி முதல் நாள்தான். கடிகாரத்தை அவர் திருத்தியதே இல்லை.

"நீ பிரிச்சு வையி. எனக்கு ஞானஸ்நான வேலை இருக்கு" என்று அவர் காமராவோடு போய்விட்டார். திருமணத்தை நேரில் பார்த்திராத நான், திரையின்முன் தனியே அமர்ந்தேன்.

அருகிலிருந்து எடுத்த படங்களில் இடர் இல்லை. சேவியரின் முகம் தெரியும்; அதைக் கொண்டு பிரித்தேன். தொலைவிலும் பக்கவாட்டிலும் எடுத்தவைதாம் என்னை மிரட்டின. ஒரே தேவாலயம், ஒரே பங்குத்தந்தை, ஒரே மண்டபம். மணமகன்கள் எல்லாரும் மார்த்தாண்டத்தில் ஒரே கடையில் வாடகைக்கு எடுத்த ஒரே காப்பிநிறக் கோட்டுக்குள் இருந்தனர். மணமகள்கள் அனைவரையும் ஒரே அழகுநிலைய அக்காள் ஒரே முக்காட்டில் மூடி, ஒரே முகமாக ஆக்கியிருந்தார். ஆயினும், ஆராய்ச்சி மனம் தோற்பதில்லை. ஷீபாவின் கையில் ஊதாப்பூச் செண்டொன்று இருப்பதைக் கண்டுகொண்டேன். ஊதாப்பூச் செண்டு உள்ள படமெல்லாம் ஷீபாவின் திருமணம் என்று விதி வகுத்தேன். அதன்பின் வேலை நீரோட்டம்போல் நடந்தது. கேக் ஊட்டும் படமும் கிடைத்தது: கோட்டு, முக்காடு, மேசைமேல் ஊதாச் செண்டு, மணமகளின் கை மறைத்த பாதி முகம். எனக்கே பெருமிதம் தாங்கவில்லை.

மாலையில் சேவியர் வந்தார். முதற் சில படங்களைப் பார்த்து, "கொள்ளாம் டீச்சரே!" என்று வாயாரப் புகழ்ந்து, குறுந்தட்டை வாங்கிச் சென்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அவர்களுடைய விடுமுறை நாளில், கடைக்குக் குவைத்திலிருந்து தொலைபேசி வந்தது. கணவர் எடுத்து என்னிடம் நீட்டினார். மறுமுனையில் சேவியர்.

"டீச்சரே, படம் போட்டுப் பாத்தோம்."

"அண்ணனுக்குப் பிடிச்சுதா?"

"ஒவ்வொரு படத்துக்கும் அழுதாரு. ரூம்ல உள்ள எல்லாருக்கும் பிரியாணி வச்சுக் குடுத்தாரு. கேக்குப் படம் வந்தப்பம், 'பாருங்கலே எனக்க தம்பிக்க வெக்கத்த'ன்னு எழும்பி நின்னு கண்ணத் தொடச்சாரு."

"பெறவு?"

"பக்கத்துல இருந்து பிரியாணி தின்னுட்டிருந்த வின்சென்ட் சொன்னான், 'அண்ணே, அது நானாக்கும்.'"

வின்சென்ட் அடுத்த ஊர்க்காரர். சில மாதங்களுக்குமுன் என் கணவரே அவருடைய திருமணத்தைப் படமெடுத்திருந்தார். தம் வாய் அளவுக்கு மீறித் திறந்துவிட்டது என்று அந்தப் படத்தை வின்சென்டே கழித்தும் இருந்தார். நான் அதை உயிர்ப்பித்து இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்தோணி தொலைபேசியை வாங்கினார். குரலில் சினம் இல்லை. அதுதான் என்னை வதைத்தது. "டீச்சரம்மா, நான் எவனுக்க கல்யாணத்துக்கோ இருந்து அழுதிருக்கேன். அது போட்டு. எனக்க தம்பிக்க கேக்கு எங்க?"

உண்மையான கேக் படம் மீளவே இல்லை.

நான் ஊதாச் செண்டின் விதியைக் கணவருக்கு விளக்கினேன். அவர் எழுந்துபோய், மூலையில் கிடந்த அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பூச்செண்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். ஊதா நிறம்.

"நம்ம செண்டுல்லா டீச்சரே! எல்லாக் கல்யாணத்துக்கும் நான்தானே கொண்டு போறேன்!"

அந்தோணி ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தார்: தாம் விடுப்பில் வரும்போது தம்பி மீண்டும் கேக் வெட்ட வேண்டும், தாம் நேரில் பார்க்க வேண்டும். சகோதரர் இருவருக்கும் ஒருசேர விடுப்புக் கிடைக்க ஆண்டுகள் ஆயின. அதற்குள் சேவியருக்குப் பிறந்த மகள் ஜெனி ஓடி விளையாடத் தொடங்கியிருந்தாள். ஆயினும் மண்டபம் ஏற்பாடாயிற்று. அதே கடையிலிருந்து அதே கோட்டு வந்தது. சேவியர்தான் அதே சேவியராக இல்லை, பொத்தான் போட முடியவில்லை. ஷீபா முக்காடு அணிந்தார். கணவர் காமராவை எடுத்தார். நான் எந்தக் கருவியையும் தொடாத தொலைவில் நிறுத்தப்பட்டேன்.

ஷீபா கேக்கை ஊட்டும் நொடியில் ஜெனி நாற்காலிமேல் ஏறி, முழங்கை வரை கேக்குக்குள் கையை விட்டாள்.

"பிள்ளைய மாத்துங்க!" என்று கணவர் கத்தினார்.

"எடுலே! அப்படியே எடு!" என்றார் அந்தோணி. அவர் அழுதுகொண்டிருந்தார், இம்முறை சரியான திருமணத்துக்கு.

அந்தப் படம் இன்று அவர்களுடைய திருமணத் தொகுப்பில் இருக்கிறது. விவரம் தெரியாத விருந்தினர் அந்தப் பக்கத்தில் திகைத்து நிற்பதும், ஷீபாவின் தாயார் பதறிக்கொண்டு விளக்கம் சொல்வதும், வீடே சிரிப்பதும் இன்னும் நின்றபாடில்லை.

ஜெனி ஆறாம் வகுப்பில் என்னிடமே தமிழ் படிக்க வந்தாள். தேர்வில் 'நான் கண்ட திருமணம்' என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தோம். அவள் எழுதியிருந்தாள்: "நான் கண்ட முதல் திருமணம் என் அப்பா அம்மாவின் திருமணம். அப்பாவுக்குக் கோட்டுப் பற்றவில்லை. பெரியப்பா மிகவும் அழுதார். நான் வயிறு நிறையக் கேக் தின்றேன்."

ஆசிரியர் அறையில் அந்தத் தாள் கைமாறிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு ஆளனுப்பி விசாரிக்க வேண்டாமா என்று தலைமையாசிரியை கவலையோடு கேட்டார். நான் அதை வாங்கி, வரிவரியாகப் பிழை தேடினேன். எல்லாம் உண்மை.

முழு மதிப்பெண் இட்டேன்.