பூபதி சொன்ன கடல்பன்றி

"இன்னிக்கும் வரலண்ணா" என்று கலைவாணி மடிக்கணினியை மூடினாள்.

பூபதி டீ டம்ளரைக் கீழே வைத்தார். பத்து நாளாக இதே பதில். பத்து நாளாக இதே டீயும்தான். ஆனால் டீயைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை.

"நல்லா பாத்தியாம்மா?"

"பாத்தேண்ணா. பொரி வறுக்கிற மாதிரி இறால் சத்தம். அதுக்கு மேல படகு இன்ஜின் சத்தம். கடல்பன்றி சத்தம் ஒண்ணுகூட இல்ல."

கலைவாணி மீஞ்சூர்ப் பெண். கடல்பன்றியின் குரலை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க வந்தவள். டால்பினுக்குத் தம்பி மாதிரி இருக்கும் இந்தப் பிராணி, டிக் டிக்கென்று சத்தம் விட்டு, அது மீனில் பட்டுத் திரும்புவதைக் கேட்டே வேட்டையாடும். மனிதக் காதுக்கு எட்டாத சத்தம். குளிர்நாட்டுத் துறைமுகங்களில் வாழும் அதன் பங்காளிகளைப் பல வருடமாக ஒட்டுக்கேட்டு மூட்டை மூட்டையாக எழுதிவிட்டார்கள். நம் ஊர்ப் பன்றியைத்தான் ஏனென்று கேட்க நாதியில்லை. அந்தக் குறையைத் தீர்க்க அவள் பழவேற்காடு ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை நீருக்கடியில் இறக்கி, பதிவைத் தினம் கரைக்கு அனுப்பும் மஞ்சள் மிதவை ஒன்றை மேலே கட்டியிருந்தாள்.

இடம் காட்டியவர் உள்ளூர் மீனவர் பூபதி. "தெனம் வரும்மா. ரெண்டு மூணு சேந்தாப்ல வரும்" என்று தோணிரேவில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே அவர் சொன்னதை, அவள் அப்படியே விண்ணப்பத்தில் எழுதிக் கருவியை முப்பது நாள் இரவல் வாங்கியிருந்தாள். அதற்குள் ஒரு டிக்காவது விழாவிட்டால் கருவி வேறு கடற்கரைக்குப் போய்விடும். அவள் படிப்பு அந்தரத்தில் தொங்கும். பூபதி புளுகர் என்பது அச்சிலேயே ஏறிவிடும்.

அவளுக்குத் தெரியாத சங்கதி ஒன்றும் இருந்தது. ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை ஊரார் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவருடைய பாடு இடத்தில் இன்னொருவர் குச்சிகூட நட முடியாது. மிதவை கட்டிய இடம் தருமன் கூட்டத்தாருடையது. வலையில் விழுந்த மீனைத் திருடித் தின்னும் கடல்பன்றிக்காக இடம் கொடு என்று கேட்டால், தருமன் கருவியோடு பூபதியையும் சேர்த்துக் கல்லைக் கட்டி இறக்கியிருப்பான். ஆகவே பூபதி ஊர்க் கூட்டத்தில் எழுந்து ஒரே போடாகப் போட்டார்.

"அந்தப் பொண்ணு இறால் சத்தத்த கேக்குது. கேட்டு முட்சா, இறாலு எப்போ எங்க வரும்னு நமக்கே சொல்லிடும்."

"இறாலா!" என்றான் தருமன். இடம் கிடைத்துவிட்டது.

இப்போது இன்ஜின் சத்தம். பூபதி நேரே தருமனிடம் போனார். "மிதவைகிட்ட இன்ஜின் ஓடுனா இறாலு வாயத் தொறக்கலியாம்பா."

"அவ்ளோதானே மாமா? நாங்க பாத்துக்கறோம்."

மறுநாளிலிருந்து மிதவை கண்ணில் பட்டதுமே இன்ஜினை அணைத்துத் துடுப்புப் போட்டார்கள். இறாலுக்காக என்றால் இந்த ஊர் மலையைக்கூட நகர்த்திவிடும்.

பதினைந்தாம் நாள் கலைவாணி நெற்றியைச் சுருக்கினாள். "இன்ஜின் சத்தம் கொறஞ்சிருக்குண்ணா. ஆனா யாரோ படகுப் பலகைய தடதடன்னு தட்டுறாங்க. தெனம் தட்டுறாங்க."

மீனை வலைப்பக்கம் விரட்டத் தட்டுகிறார்கள் என்று பூபதி நினைத்தார். மறுபடி தருமன்.

"மிதவைகிட்ட தட்டாதீங்கப்பா."

"தட்டாம எப்படி மாமா? சரி, நீ சொல்றியேன்னு நல்லா தள்ளிப் போயே தட்டிக்கறோம்."

அவனும் சொன்ன சொல் தவறாதவன். இருபதாம் நாள் பதிவில் தட்டல் அறவே இல்லை. கடல்பன்றியும் இல்லை. தன் படகாலும் சத்தம் வரக்கூடாது என்று பூபதி அந்தப் பக்கமே போகாமல் கரையில் உட்கார்ந்துவிட்டார். ஊர் அவரை மிஞ்சியது. கரையில்கூட ரகசியக் குரலில் பேச ஆரம்பித்தார்கள்.

"இன்னாய்யா ஊரு இது?" என்று அவர் மனைவி எல்லம்மா காலிக் கூடையோடு வந்து நின்றாள். "கருவாடுன்னு ஒரு கூவு கூவுனேன். நாலு பேரு ஓடியாந்து வாயப் பொத்துறான். இறாலு காதுல உழுந்துடுமாம்! நீ அவுத்து உட்ட பொய்யிக்கு நான் ஊமையா பூட்டேன்."

"இன்னும் பத்து நாளு பொறுத்துக்கோ எல்லம்மா."

"பத்து நாள்ல வரலன்னா அந்தப் பொண்ணு மூஞ்சிய எப்படிப் பாப்ப?"

பூபதி கிழிந்த வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு மகன்களைப் பெற்றவர் அவர். பெண் இல்லாத வீட்டில் இந்தப் பெண் "அண்ணா, அண்ணா" என்று வந்து போனதில் மனசு ஒட்டிவிட்டது. அவள் அழுதால் தாங்காது என்று அவருக்கே நன்றாகத் தெரிந்தது.

முப்பதாம் நாள் காலை, கருவியை எடுக்க இருவரும் படகில் போனார்கள். கலைவாணி படகிலேயே கடைசிப் பதிவைப் பார்த்தாள். இறால், இறால், இறாலைத் தவிர வேறொன்றுமில்லை.

"நான் புளுகலம்மா" என்றார் பூபதி. "சாமி சத்தியமா தெனம் வந்துச்சு."

"தெரியும்ணா. உங்கள நான் நம்புறேன். இந்த வருஷம் எங்கியாவது வேற பக்கம் போயிருக்கும்."

திட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதவையின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அப்போது துடுப்புப் போட்டபடி தருமன் வந்தான். கூடை நிறைய இறால், ஊர் சார்பில் வழியனுப்பும் சீர். அதைப் பார்த்ததும் கலைவாணிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"மன்னிச்சுக்கங்கண்ணா. ஒரு மாசமா உங்க எல்லாருக்கும் தொந்தரவு குடுத்துட்டேன். ஒண்ணுமே கெடைக்கல."

தருமனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க மேல கொற சொல்லாதம்மா! உன் இறால திங்கறதுக்கு தெனம் மூணு நாலு கடல்பன்னி வந்துச்சு, ஊரே பாடு முறை போட்டு, முப்பது நாளும் ஒண்ணத்தக்கூட மிதவைகிட்ட அண்டவுடாம பலகையத் தட்டித் தொரத்தியிருக்கோம்!"