சாக்கில் வந்த இலையுதிர் காலம்

கல்வியைக் கண்டுபிடித்தவர் யாரோ, நமக்குத் தெரியாது. ஆனால் கல்விக்குச் சுவர், கூரை, வாத்தியார் ஆகிய மூன்றும் அநாவசியம் என்று கண்டுபிடித்த மகான், ஈப்போவுக்குத் தெற்கே பதினெட்டு மைல் தள்ளி, காம்பார் ரோட்டில் இருந்த ஒரு கித்தாத் தோட்டத்து, அதாவது ரப்பர் தோட்டத்து, வெள்ளைக்காரத் துரைதான். ஆண்டு 1926. மாதம் பிப்ரவரி. கித்தா மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும் காலம்.

கண்டுபிடிப்பு நிகழ்ந்தபோது பக்கத்தில் நின்றவர் தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி மத்தியாஸ். பதினெட்டு வருஷ சர்வீஸ். துரையின் மூக்கைப் பார்த்தே அன்றைய வானிலையைச் சொல்லிவிடுவார். அன்று மூக்கு சிவந்திருந்தது. காரணம், சர்க்கார் கடிதம். பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருந்தாக வேண்டுமாம். இங்கே முப்பத்தேழு பிள்ளைகள். பார்வையிட லேபர் ஆபீஸர் வருகிறாராம்.

“மத்தியாஸ், பள்ளிக்கூடம் எங்கே?”

“அதுக்குன்னு ஒதுக்கின இடத்துலதாங்க சார், இப்ப டென்னிஸ் ஆடுறீங்க.”

துரை சீமைப் பத்திரிகையைப் புரட்டினார். அதில் ஒரு படம். பூங்காவில் தாய், தகப்பன், பிள்ளை எல்லோரும் குனிந்து காய்ந்த இலை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தோடு ‘இயற்கைப் பாடம்’ படிக்கிறார்களாம். அங்கே அதுதான் புது மோஸ்தர். மூக்கு மெல்ல வெளுத்தது.

“சுவர் வேணாம்! நம்ம ஆளுங்களும் பார்க்குக்குப் போகணும். குடும்பத்தோட இலை படிக்கணும்!”

“இலை நம்ம தோட்டத்துலயே முழங்கால் ஆழம் கிடக்குதுங்களே, சார்.”

துரை பரிதாபமாகப் பார்த்தார். மத்தியாஸுக்கு உடனே விளங்கிவிட்டது. தோட்டத்து மரம் கூலிக்கார மரம். அதனிடம் யார் பாடம் கேட்பார்கள்? ‘இயற்கை’ என்பது ஈப்போவில், பெஞ்சு போட்டு வேலி கட்டி வைத்திருப்பது. இதை ஒப்புக்கொண்ட மறுகணம் அவர் ‘இயற்கைப் பாட சூப்பரின்டெண்ட்’ ஆக்கப்பட்டார். சம்பளம் கூடவில்லை. மார்பு மட்டும் இரண்டு அங்குலம் கூடியது.

ஆனால் மத்தியாஸ் ஈப்போ பூங்காவைப் போய்ப் பார்த்தார். அங்கே இருந்ததெல்லாம் பச்சைப் பசேலென்ற தூங்குமூஞ்சி மரங்கள். உதிர்கிற உத்தேசம் எந்த இலைக்கும் இல்லை. சூப்பரின்டெண்ட் பதவி உதிர்ந்துவிடும் போலிருந்தது. யோசித்தார். சனிக்கிழமை மாலை தோட்டத்தில் நாற்பது காலிச் சாக்கு வந்து இறங்கியது.

பால்வெட்டுக்காரி வீரம்மா, சாக்கில் இலையை மிதித்து அமுக்கியபடி கேட்டாள்:

“ஐயா, குப்பையை எதுக்கு லோரியில ஏத்துறோம்?”

“குப்பை இல்ல, வீரம்மா. இலையுதிர் காலம்.”

“சாக்குலயா?”

“பேசாம வாயைக் கட்டு லா. சாக்கு வாயைச் சொன்னேன்.”

ஞாயிறு விடிவதற்குள் பூங்காவில் இலையுதிர் காலம் கொட்டிப் பரப்பப்பட்டது. பரப்பிய குடும்பங்களே, முகம் கழுவிக்கொண்டு, ஒன்பது மணிக்கு அதைக் ‘கண்டுபிடிக்க’ வரிசையில் நின்றன.

“பார்த்ததும் ஆச்சரியப்படணும். ‘ஆ’ன்னு வாயைத் திறக்கணும்” என்று உத்தரவிட்டார் மத்தியாஸ்.

எல்லோரும் திறந்தார்கள். இரவெல்லாம் சாக்கு சுமந்தவர்களுக்கு வந்தது கொட்டாவிதான். தூரத்திலிருந்து பார்த்த துரைக்கு அது ஆச்சரியமாகவே தெரிந்தது.

லேபர் ஆபீஸர் வந்தார். இளம் வெள்ளைக்காரர், தமிழைப் புத்தகத்தில் படித்துப் பரீட்சை தேறியவர். ஓர் இலையை எடுத்து வீரம்மாவிடம் நீட்டினார்.

“அம்மணி, இஃது எம்மரத்தின் இலை?”

“இஃதா? அது யாருங்க?” என்று திகைத்தாள் வீரம்மா. மத்தியாஸ் மொழிபெயர்த்தார். “ஓ, இதா? கித்தா இலைங்க. நம்ம தோட்டத்துப் பதினாலாம் நம்பர் காட்டுது. நாந்தானே அள்ளினேன்.”

ஆபீஸர் தலைக்கு மேலிருந்த தூங்குமூஞ்சியை நிமிர்ந்து பார்த்தார். “ஆயின், இம்மரத்தடியில் எங்ஙனம்?”

“காத்துங்க, சார்” என்றார் மத்தியாஸ்.

“பதினெட்டு மைலா?”

“ஈப்போவைச் சுத்தி மலைங்க, சார். உள்ள வந்த காத்துக்கு வெளிய போக வழி தெரியாது.”

ஆபீஸர் அதை மரியாதையோடு குறித்துக்கொண்டார். பிறகு வீரம்மாவின் எட்டு வயது மகள் பாப்பாவிடம் ஒரு குச்சியைக் கொடுத்து, மண்ணில் பெயரை எழுதச் சொன்னார். பாப்பா யோசிக்கவே இல்லை. சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். அதன் நுனியில் சின்னதாக ஒரு வட்டம்.

மத்தியாஸுக்கு அது புரிந்தது. கோடு, மரத்தில் கத்தி போடும் வெட்டு. வட்டம், பால் சொட்டும் மங்குக் கிண்ணம். பிறந்ததிலிருந்து அவள் பார்த்த எழுத்து அது ஒன்றுதான். ஒரு வார்த்தை உண்மை சொன்னால் பள்ளிக்கூடம் எழும்பிவிடும். அவர் துரையின் மூக்கைப் பார்த்தார்.

“யாது எழுத்து?” என்றார் ஆபீஸர்.

“‘பா’வுக்கு முந்தின எழுத்துங்க, சார். இனிமேதான் ‘பா’ வரும்.”

‘மாணவர் முன்னேற்றம் திருப்திகரம்’ என்று ஆபீஸர் எழுதினார். எல்லோரும் இலையோடு நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். சாக்குகள் திரும்ப நிரப்பப்பட்டன. பூங்காவைச் சுத்தமாக வைப்பது இரண்டாம் பாடம்.

மார்ச்சில் சர்க்காரின் பாராட்டுக் கடிதம் வந்தது: ‘திறந்தவெளிப் பள்ளி’ நடக்கும் தோட்டத்துக்குக் கட்டடம் தேவையில்லை. மத்தியாஸ் தினமும் பதிவேட்டில் ‘வருகை முப்பத்தேழு’ என்று எழுதினார். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. முப்பத்தேழு பேரும் மரத்தடியில்தான் இருந்தார்கள், புல் பிடுங்கிக்கொண்டு.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை, காலையிலேயே மழை. தோட்டத்து வாசலில் மத்தியாஸ் குடை பிடித்து நின்றார். குடைக்குள் வெள்ளைக் கவுனும் காலில் சப்பாத்துமாக அவர் மகள் எல்ஸி, ஈப்போ கான்வென்டுக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். வீரம்மாவும் பாப்பாவும் ஆளுக்கொரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு காட்டிலிருந்து நனைந்து வந்தார்கள். வீரம்மா நின்றாள்.

“ஐயா, எல்ஸி எந்த மரத்தடியில படிக்குதுங்க?”

மத்தியாஸ் குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டார். “அதுக்கு… உடம்புக்குக் காத்து ஆகாது, வீரம்மா.”

வீரம்மா மகளின் தலையிலிருந்த சாக்கை இழுத்துச் சரிசெய்தாள்.

“அப்ப எங்க பிள்ளைங்க உடம்புக்கு எழுத்துதான் ஆகாதுன்னு, எந்த டாக்டர் ஐயா சொன்னாரு? துரையா, நீங்களா?”