ஏகாம்பரண்ணாச்சி வீட்டு டிபாச்சரி

தெரியாத பஸ்ஸில் ஏறுகிறவன்கூட ஏறும் முன் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பான். தெரியாத ஆங்கில வார்த்தையில் ஏறுகிறவன் யாரிடமும் கேட்பதில்லை. நான் அப்படி ஒரு வார்த்தையில் ஏறி, ஒரு குடும்பத்தையே உடன் ஏற்றிக்கொண்டு போன கதை இது.

அப்போது நான் தென்காசியிலிருந்து வந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஆபீஸ் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன் என்பதால், ‘கழிவறையைச் சுத்தமாக வைத்திருக்கவும்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. (நன்றாகவே எழுதியிருந்தேன். யாரும் கடைப்பிடிக்கவில்லை.)

மெஷின் ஷாப்பில் ஃபோர்மேன் ஏகாம்பரம். மேனாம்பேட்டில் பரம்பரையாக இருக்கிற குடும்பம். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை நைனா என்பார். வெளியூரிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் அத்தனை பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவர் வீட்டில்தான். அவர் மனைவி கஸ்தூரியக்காவின் அகராதியில் ‘போதும்’ என்ற சொல்லுக்கு ‘இன்னும் ரெண்டு கரண்டி’ என்று அர்த்தம். பிரியாணி, அதன்மேல் மீன் வறுவல், அதன்மேல் அவர் பார்வை. சாப்பிட்ட பிறகு சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்போம்.

அண்ணாச்சி ஓய்வு பெறும் நாள் வந்தது. பையன்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஷீல்டு கொடுப்பது என்று முடிவானது. அதில் பொறிக்கும் வாசகம் என் பொறுப்பு. அளவுக்கு மீறிச் சாப்பிட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும், ஆனால் ‘ஓவர் ஈட்டிங்’ என்று எழுத என் படிப்பு இடம் கொடுக்கவில்லை. மொபைலில் இணைச்சொல் அகராதியைத் திறந்தேன்.

முதலில் ‘எக்ஸஸ்’. எங்கள் ஸ்டோரில் எக்ஸஸ் என்றால் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்து ‘சர்ஃபிட்’. துணி சோப்புத் தூள் போல இருந்தது. ‘க்ளட்’ என்பது வாஷ்பேசினில் தண்ணீர் அடைத்துக்கொண்டு இறங்கும் சத்தம். ‘க்ளட்டனி’ சாப்பிடுகிறவனைத் திட்டுவது. சாப்பிட்டது நாங்கள்தான் என்பதால் அதை விட்டேன். ‘இன்டெம்பரன்ஸ்’ பார்த்ததும், டெம்பர் (எஃகின் பதம்) சரியில்லை என்று ஹீட் ட்ரீட்மென்ட்டில் ரிஜெக்ட் ஆன பீஸ்கள் ஞாபகம் வந்தன.

அதற்குக் கீழே இருந்தது ‘டிபாச்சரி’. பார்த்த மாத்திரத்தில் மனம் குளிர்ந்தது. பேஸ்ட்ரி, பேக்கரி, டிபாச்சரி. என்ன ஒரு குடும்பம்! வெண்ணெய் வாசனைகூட வந்தது. அர்த்தம் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இலக்கியம் படித்தவன் அர்த்தம் பார்ப்பதாவது.

‘திரு. ஏகாம்பரம் – திருமதி கஸ்தூரி தம்பதியருக்கு, தங்கள் இல்லத்தில் நாங்கள் அனுபவித்த மறக்க முடியாத டிபாச்சரிக்கு நன்றியுடன்.’ இதன் ஆங்கில வடிவம் பொன்னிற எழுத்தில் ஷீல்டில் ஏறியது.

விழா கேன்டீனில் நடந்தது. புதிதாக வந்திருந்த பிளான்ட் ஹெட் தேஷ்பாண்டே, காபிகூடக் குடிக்காத புனேக்காரர், மைக்கில் வாசகத்தைப் படித்தார். நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். இரண்டு முறை படிப்பது சிறப்பு மரியாதை என்று நினைத்து நாங்கள் இரண்டு முறை கைதட்டினோம். ஷீல்டைக் கையை நன்றாக நீட்டி, உடம்பில் படாமல் கொடுத்தார்.

முன்வரிசையில் அண்ணாச்சியின் வருங்கால சம்பந்தி, அவர் மகளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளையின் அப்பா, உட்கார்ந்திருந்தார். பூந்தமல்லிக்காரர், ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். அவர் பாடம் ஆங்கிலம் என்பது எனக்கு அப்போது தெரியாது. எழுந்து வந்து ஷீல்டை வாங்கிப் பார்த்தார்.

“இதை எழுதினது யாரு?”

“நம்ம நைனாதாங்க சம்பந்தி!” என்று அண்ணாச்சி என் தோளைத் தட்டினார். “இங்கிலீஷ்ல பெரிய படிப்பு படிச்சிகீறாரு.”

ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். “இதெல்லாம் அவங்க வீட்டுல நிஜமாவே நடக்குமா?”

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நடக்கும் சார்.”

“கஸ்தூரி அம்மாவுக்குத் தெரியுமா?”

“அவங்கதான் சார் எல்லாமே. நாங்க போதும்னு கெஞ்சினாலும் விட மாட்டாங்க.”

“எத்தனை பேர் வருவீங்க?”

“ரெண்டு பந்தி ஆகும் சார். இடம் பத்தலைன்னா மாடிக்குப் போயிடுவோம்.”

அவர் ஷீல்டைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார். “முகூர்த்தத் தேதியைப் பத்தி வீட்டுல கலந்துட்டுச் சொல்றேன்” என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு டிபன்கூடச் சாப்பிடாமல் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் தேஷ்பாண்டே என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். டிபாச்சரி என்றால் குடி, கூத்து, இன்னும் குடும்பப் பத்திரிகையில் எழுதக்கூடாத சில காரியங்கள் எல்லாம் சேர்ந்த ஒழுக்கக்கேடு என்று திரையில் இருந்தது. பேக்கரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என் வேலை நிரந்தரமாகும் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார். வேலை போனால் போகட்டும், அண்ணாச்சி பெண்ணின் கல்யாணம் என்னால் நின்றுவிடுமே என்பதுதான் என் கவலை.

அன்று மாலையே அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“இன்னாது? குடியும் கூத்துமா? எங்க ஊட்லயா? நைனா, நான் பீடி கூட குட்சதில்லியே!”

கஸ்தூரியக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “எழுதுனது நீதானே? நீயே போயி சம்பந்திய இட்டுகினு வா. ஞாயித்துக்கெழம. வெறும் வயித்தோட வரச் சொல்லு.”

மறுநாளே பூந்தமல்லிக்குப் போனேன். ஹெட்மாஸ்டர் உட்காரச் சொல்லவில்லை.

“அர்த்தம் தெரிஞ்சு போட்டியா, தெரியாம போட்டியா?”

“தெரியாம சார்.”

“பின்னே ஏன் அந்த வார்த்தை?”

“பேக்கரி மாதிரி இருந்துச்சு சார்.”

அவர் என்னையே பார்த்தார். மன்னிக்கிற பார்வை இல்லை அது; என்னைப் பாஸ் போட்ட பல்கலைக்கழகத்தை நினைத்துக்கொண்டிருந்தார் என்று தோன்றியது. கடைசியில், “சரி. நேர்ல பார்த்துட்டு முடிவு பண்றேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார். (மாடியைச் சற்று அதிகமாகவே பார்த்தார்.) இலையில் உட்கார்ந்தார். கஸ்தூரியக்கா பரிமாற ஆரம்பித்தார். ஹெட்மாஸ்டர் ஒரு கட்டத்தில் போதும் என்றார். பிரியாணி விழுந்தது. இலையின் குறுக்கே கையை நீட்டி மறைத்தார். கையைச் சுற்றி மீன் விழுந்தது. “அம்மா, வேணாம்மா” என்றபோது அவர் குரலில் இருந்தது கெஞ்சல். அந்தக் குரலை நான் நன்றாக அறிவேன்.

சாப்பிட்ட பிறகு அவரை நானும் அண்ணாச்சியும் இரண்டு பக்கமும் பிடித்துக் கட்டிலில் சாய்த்தோம். கண்ணை மூடிக் கிடந்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

“சர்ஃபிட்” என்றார் திடீரென்று.

“சார்?”

“இதுக்கு வார்த்தை சர்ஃபிட். அடுத்த ஷீல்டுல அதைப் போடு.” பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, மூச்சு வாங்கியபடி, “முகூர்த்தம் குறிச்ச தேதியிலேயே நடக்கட்டும் சம்பந்தி” என்றார்.

நடந்தது. தேஷ்பாண்டேயும் கல்யாணத்துக்கு வந்து இரண்டு முறை பாயசம் வாங்கினார், நானும் நிரந்தரமானேன். ஷீல்டை மாற்றித் தருகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “எங்க ரெண்டு பேரு பேரும் தங்கத்துல கீது, அத்த ஏன் மாத்தணும்?” என்று அண்ணாச்சி ஷோகேஸில் வைத்துவிட்டார். இன்றைக்கும் இருக்கிறது. அந்த வீட்டில் விருந்துக்குப் பெயரே மாறிவிட்டது. “நைனா, ஞாயித்துக்கெழம டிபாச்சரி கீது, பொண்டாட்டி புள்ளய இட்டுகினு வந்துடு” என்று போன் வரும். மேனாம்பேட்டில் அந்தத் தெருவே இப்போது அப்படித்தான் சொல்கிறது.

போன மாதம் என் மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு. மூன்றாம் வகுப்பு. ‘எங்கள் ஞாயிற்றுக்கிழமை’ என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ‘ஒவ்வொரு ஞாயிறும் அப்பா என்னை டிபாச்சரிக்கு அழைத்துப் போவார். அம்மாவும் வருவார். எனக்கு லெக் பீஸ் பிடிக்கும்’ என்று எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

வகுப்பாசிரியை கட்டுரையை என் முன் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள், பக்கத்தில் நின்ற என் மகள் முந்திக்கொண்டாள்.

“நீங்களும் இந்த வாரம் வாங்க மிஸ். உங்க வீட்டு சாரையும் கூட்டிட்டு வாங்க.”