வானத்துக்கு வேலை பார்த்த ஏலியன் அண்ணன்

வேற்றுக்கிரகத்திலிருந்து யாராவது வந்து இறங்கி, தங்களைத் தேடி அதிகம் பாடுபட்டவர் யார் என்று விசாரித்தால், யோசிக்காமல் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கைகாட்டிவிடலாம். அங்கே பிரௌசிங் சென்டர் வைத்திருந்த ஏலியன் அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. அவருக்கே மறந்திருக்கலாம்.

விஷயம் இதுதான். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், வானத்திலிருந்து வரும் ரேடியோ இரைச்சலைத் துண்டு துண்டாக நறுக்கி, விருப்பப்பட்டவர்களின் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட்டில் அனுப்பும். கம்ப்யூட்டர் அதை அலசி, யாராவது பேசுகிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த துண்டை வாங்கிக்கொள்ளும். கூலி கிடையாது. அண்ணன் கடைக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இந்த வேலைக்குப் போய்விட்டன. மெயில் பார்க்க வந்தவர்கள்தான் காத்துக் கிடந்தார்கள்.

"கொஞ்சம் பொறு மாப்ள, இந்தா முடியப்போகுது. பாதியில நிறுத்துனா, அங்கிட்டு ஒருத்தன் வணக்கம் சொல்லிக்கிட்டு இருந்தாலும் நமக்குத் தெரியாமப் போயிரும்ல?"

படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த என்னிடம் மட்டும் காசு வாங்க மாட்டார். என் வீட்டில் போன் இல்லாததால் விண்ணப்பங்களில் அவர் கடை நம்பரைத்தான் எழுதுவேன். தல்லாகுளத்தில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ முடிந்து, திங்கட்கிழமை போன் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் போனால், அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"வேலை இல்லைங்கிறான் மாப்ள."

"கம்பெனிலருந்து போன் வந்துச்சாண்ணே?"

"எந்தக் கம்பெனி? சர்வர்ல சொல்றான். துண்டெல்லாம் தீந்துபோச்சாம். இம்புட்டுப் பெரிய வானம் எப்பிடிடா தீரும்?"

உலகம் முழுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை கேட்டதில் சர்வரும் திணறிக்கொண்டிருந்தது. ஒரு தரம் வேலை இல்லை என்றது, ஒரு தரம் பிறகு வா என்றது. அண்ணன் இதைத் தன்மேல் வந்த கோபம் என்று எடுத்துக்கொண்டார். "நாம எதுவும் தப்பா அனுப்பிட்டமா?" என்று கேட்டுக்கொண்டே மறுபடி இணைப்புப் போட்டார். மோடம் கிரீச்சிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைக்கு இருந்தது ஒரே போன் லைன்; அதில் இன்டர்நெட் ஓடும்வரை வெளியிலிருந்து போன் வராது.

"அண்ணே, காலையிலருந்து லைன்லயேவா இருக்கீங்க?"

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மோடம் ஒயரைப் பிடுங்கினார். உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டினார். "ஏறு" என்று தன் மொபெட்டைக் காட்டினார்.

தல்லாகுளத்தில் மானேஜர் எரிச்சலாக இருந்தார். "எத்தனை தடவை போன் போடுறது? எப்பவும் என்கேஜ்டு. அடுத்த ஆளைக் கூப்பிடலாம்னு இருந்தேன்."

அண்ணன் முந்திக்கொண்டார். "தம்பி மேல தப்பில்ல சார். வானத்துல ஆளு இருக்கானான்னு நான்தான் பாத்துக்கிட்டிருந்தேன். திடீர்னு வேலை தீந்துபோச்சு."

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான் சார்."

"இவருக்கா?"

"இவருக்கு வேலையே இன்னும் வரலையே சார். கம்ப்யூட்டருக்கு."

மானேஜர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "நாளைக்கு வந்து சேந்துக்கங்க தம்பி" என்றார். தகுதிக்காகத்தான் எடுத்தாரா, எங்களை வெளியே அனுப்பவா என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான்.

நான் எழுந்தேன். அண்ணன் எழவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அங்கிட்டு அம்புட்டுக் கம்ப்யூட்டரும் ராத்திரியில சும்மாதான இருக்கு?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

சர்வர் ஒரு வாரத்தில் தேறி, துண்டுகள் திரும்ப வர ஆரம்பித்தன. முதல் சம்பளத்தில் ஸ்வீட் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கடையில் இருந்தார். அண்ணிதான் வாங்கிக்கொண்டார்.

"எங்க கல்யாணத்தன்னைக்கே சாயங்காலம் கடையத் திறந்த மனுசன் தம்பி. திறந்த கடையப் பட்டப்பகல்ல பூட்டுனது உங்கள மொபெட்ல கூட்டிட்டுப் போன அன்னைக்கு ஒருநாதான்."